இரத்த அழுத்த மருந்து விலங்குகளின் இதயத்திலும் இரத்த ஓட்டத்திலும் என்ன செய்கிறது?

இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை என்றதும், அது இதயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சில மருந்துகளுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் மனிதர்களுக்குப் பரவலாகவும், வயதான பூனைகளுக்கு முதல் தேர்வாகவும் கொடுக்கப்படும் அம்லோடிபின் என்ற மருந்து, வழக்கமான அளவில் இதயத்தை நேரடியாகப் பெரிதும் தொடுவதில்லை. அது வேலை செய்யும் இடம் இரத்தக் குழாய்களின் சுவர். அப்படியிருந்தும் இந்த வகை மருந்தை ஒரு நாய்க்கோ எலிக்கோ விரைவாகச் செலுத்தி அளந்து பார்த்தால், இதயத் துடிப்பு கூடியிருக்கும். ஒரு நிமிடத்தில் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் அளவும் கூடியிருக்கும். மருந்து தொடாத உறுப்பு ஏன் மாறுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், இரத்த அழுத்த மருந்துகள் பற்றிய பெரும்பகுதி தானே விளங்கிவிடும்.

முதலில் அழுத்தம் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், கட்டிக் கிடத்திய ஒரு பெண் குதிரையின் காலுக்குச் செல்லும் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றைச் செங்குத்தாக இணைத்தார். இதயத்தின் இடது கீழறை மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குல உயரத்துக்கு இரத்தம் ஏறி நின்றது. 1733-ல் அவர் இதை நூலாக வெளியிட்டார். அந்த உயரத்தை இன்றைய அளவுக்கு மாற்றினால் ஏறத்தாழ 190 மில்லிமீட்டர் பாதரசம் வருகிறது. இது அமைதியாக நிற்கும் குதிரையின் சராசரி அழுத்தத்தைவிட மிக அதிகம். மயக்க மருந்து எதுவும் இல்லாத காலத்தில், கட்டுண்டு வலியில் கிடந்த விலங்கு அது. அளக்கும் செயலே அளவை மாற்றிவிடும் என்ற சிக்கல் அன்றைக்கே தொடங்கிவிட்டது. அந்தச் சிக்கலைப் பின்னர் பார்ப்போம்.

இரத்தம் அந்த உயரத்துக்கு ஏறியதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்து உழைத்தன. ஒன்று, இதயம் இரத்தத்தைத் தள்ளும் அளவு. மற்றொன்று, தள்ளப்பட்ட இரத்தம் எளிதில் வெளியேறிவிடாதபடி குழாய்கள் கொடுக்கும் தடை. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால், உள்ளே அழுத்தம் கூடி நீர் சீறிப் பாய்வதைப் போன்றதுதான் இது. சராசரி இரத்த அழுத்தம் என்பது, இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் இரத்தத்தின் அளவையும் குழாய்களின் மொத்தத் தடையையும் பெருக்கினால் கிடைக்கும் எண். இதயம் தள்ளும் அளவு என்பதோ, ஒரு துடிப்புக்கு வெளியேறும் இரத்தத்தையும் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பதையும் பெருக்கினால் கிடைப்பது. எந்த இரத்த அழுத்த மருந்தை எடுத்துக்கொண்டாலும், சுற்றி வளைத்தேனும் அது இந்தப் பெருக்கலில் உள்ள ஏதோ ஓர் எண்ணைத்தான் மாற்றியாக வேண்டும். வேறு வழியே இல்லை.

தடை எங்கே இருக்கிறது? பெருந்தமனியில் இல்லை; அது அகலமானது. தமனிகள் கிளைத்துக் கிளைத்து, தந்துகிகளாக மாறுவதற்குச் சற்று முன்னால், ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கைவிடவும் குறுகலான நுண்தமனிகள் வருகின்றன. உடலின் பெரும்பாலான தடை அங்கேதான் உருவாகிறது. இந்தச் சிறிய குழாய்களுக்கு வியப்பூட்டும் ஒரு குணம் உண்டு: நீளமும் அழுத்தமும் மாறாதிருந்தால், ஒரு குழாய் வழியே ஓடும் திரவத்தின் அளவு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாகக் குறைவதில்லை, பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆரம் வெறும் 10 சதவீதம் விரிந்தால் ஓட்டம் ஏறத்தாழ 46 சதவீதம் கூடிவிடுகிறது. இந்த விதியைக் கண்ட பிரெஞ்சு மருத்துவர் புவாசேயின் பெயரால்தான் அது இன்றும் வழங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத சிறு தளர்வு ஒரு விலங்கின் இரத்த அழுத்தத்தையே மாற்றிவிடுவது இதனால்தான். மருந்து தயாரிப்பவர்கள் நுண்தமனியின் சுவரையே குறிவைத்தது முற்றிலும் நியாயமானது.

கால்சியம் என்ற சாவி

நுண்தமனியின் சுவரைச் சுற்றி வளையம் வளையமாக மென்தசை அமைந்திருக்கிறது. அது சுருங்கினால் குழாய் குறுகும்; தளர்ந்தால் விரியும். சுருங்குவதற்கான கட்டளையைத் தசைக்கு உள்ளே கொண்டுசெல்வது கால்சியம் அயனி. இந்த உண்மையின் முதல் துண்டு கிடைத்த விதம் எனக்கு எப்போதும் பிடித்தமானது. 1880-களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். இதயம் மணிக்கணக்கில் நன்றாகத் துடித்தது. பிறகு அதே உப்பைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துப் பார்த்தபோது, துடிப்பு மெல்ல மெல்ல வலுவிழந்து நின்றுபோயிற்று. தேடிப் பார்த்ததில், முதலில் செய்த கரைசல்கள் காய்ச்சி வடித்த நீரால் அல்ல, சாதாரணக் குழாய் நீரால் செய்யப்பட்டவை என்பது தெரியவந்தது. அந்த நீரில் கரைந்திருந்த சிறிதளவு கால்சியம்தான் இதயத்தைத் துடிக்க வைத்திருந்தது. தூய்மையான நீர் இதயத்தை நிறுத்தியது. தூய்மையற்றது என்று ஒதுக்கக்கூடிய நீர் அதை வாழவைத்தது.

இதயத் தசைக்கு உண்மையானது குழாய்ச் சுவரின் மென்தசைக்கும் பொருந்தும். உயிரணுவின் மேற்சவ்வில் கால்சியம் சேனல் எனப்படும் புரத வாயில்கள் இருக்கின்றன. சவ்வின் மின் நிலை மாறும்போது அவை திறக்க, வெளியிலிருக்கும் கால்சியம் உள்ளே பாய்ந்து, சுருங்கும் இயந்திரத்தை இயக்கிவிடுகிறது. அம்லோடிபின் இந்த வாயிலோடு ஒட்டிக்கொண்டு அது திறப்பதைக் கடினமாக்குகிறது. கால்சியம் குறைவாக நுழைகிறது, தசை தளர்கிறது, நுண்தமனி விரிகிறது, தடை குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது. மருந்தின் நேரடிச் செயல் இவ்வளவுதான்.

இதே வாயில்கள் இதயத்திலும் இருக்கின்றனவே, அங்கே ஏன் மருந்து அடைப்பதில்லை என்று கேட்பது மிகச் சரியான கேள்வி. விடை, இரண்டு தசைகளின் மின் நிலையில் இருக்கிறது. இதயக் கீழறையின் தசை, இரண்டு துடிப்புகளுக்கு இடையில் ஏறத்தாழ கழித்தல் 80 முதல் 90 மில்லிவோல்ட் என்ற ஆழமான ஓய்வு நிலைக்குத் திரும்பிவிடுகிறது. குழாய்ச் சுவரின் மென்தசையோ கழித்தல் 40 முதல் 60 மில்லிவோல்ட் அளவிலேயே நீண்ட நேரம் இருக்கிறது. இந்த அரைகுறை ஓய்வு நிலையில் கால்சியம் வாயில்களில் பல, திறக்கவும் முடியாமல் முழு ஓய்வுக்குத் திரும்பவும் முடியாமல், செயலிழந்த வடிவத்தில் நிற்கின்றன. அம்லோடிபின் சேர்ந்த டைஹைட்ரோபிரிடின் குடும்பத்து மருந்துகள் அந்த வடிவத்தோடுதான் இறுக்கமாக ஒட்டுகின்றன. ஆகவே ஒரே வாயில், ஒரே மருந்து, ஆனால் இருக்கும் இடத்துக்கேற்ப வேறு விளைவு. இதே வாயிலை அடைக்கும் வெராபமில் என்ற மற்றொரு மருந்து இந்த வேறுபாட்டை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அது இதயத் துடிப்பையும் குறைக்கும், சுருங்கும் வலிமையையும் குறைக்கும். கால்சியம் தடுப்பான் என்ற ஒரே பெயரின் கீழ் இவ்விரண்டையும் வைப்பது தொடக்கநிலை வாசகருக்குப் பெரிய குழப்பத்தைத் தருகிறது என்பது என் கருத்து.

உடல் சும்மா இருப்பதில்லை

இதுவரை சொன்னது மருந்தின் பக்கம். இனி விலங்கின் பக்கம். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், பெருந்தமனியின் வளைவிலும், சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் இறங்கினால் சுவர் இழுபடுவது குறைகிறது. அந்த நரம்புகள் மூளைத்தண்டுக்கு அனுப்பும் சமிக்ஞைகளும் குறைகின்றன. மூளைத்தண்டு இதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. இரத்தம் சிந்திக்கொண்டிருக்கும் விலங்கிலும் இதே குறிப்புதான் வரும். காரணம் மருந்தா காயமா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. எனவே அது இதயத்தை மெதுவாக்கிக்கொண்டிருந்த வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்துகிறது. இதயத்தை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. சில நொடிகளுக்குள் துடிப்பு ஏறுகிறது. இதற்கு அனிச்சைத் துடிப்பேற்றம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். எடுத்துக்காட்டாக, ஒரு நாயின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 80 முறை துடித்து, ஒவ்வொரு துடிப்புக்கும் 25 மில்லிலிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆகிறது. சராசரி அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், தடை 50 அலகு. குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்ததும் தடை 30 அலகுக்கு இறங்கிவிடுகிறது என்று கொள்வோம். இதயம் மாறாமல் இருந்தால் அழுத்தம் 60-க்கு விழுந்திருக்க வேண்டும். நாய் மயங்கியும் விழுந்திருக்கலாம். ஆனால் அனிச்சையால் துடிப்பு 120 ஆகிறது; நிமிடத்துக்கு 3 லிட்டர் இரத்தம் வெளியேறுகிறது; அழுத்தம் 90-இல் நிற்கிறது. அழுத்தத்தை மட்டும் அளப்பவர், மருந்து வெறும் 10 புள்ளிதான் குறைத்திருக்கிறது, மென்மையான மருந்து போலும் என்று எழுதிக்கொள்வார். உள்ளே நடந்ததோ, குழாய்த் தடையில் 40 சதவீத வீழ்ச்சியும் இதயத் துடிப்பில் 50 சதவீத உயர்வும். அழுத்தம் என்ற ஒற்றை எண் இவை இரண்டையும் மறைத்துவிடுகிறது. விலங்குகளில் இத்தகைய மருந்தைச் சோதிப்பவர்கள் அழுத்தத்தோடு துடிப்பையும், இதயம் தள்ளும் அளவையும், தனித்தனி உறுப்புகளுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் சேர்த்தே அளப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த அனிச்சை எவ்வளவு பலமாக எழும் என்பது மருந்து எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. அம்லோடிபினின் உறவினரான நிபெடிபின், விரைவாகக் கரையும் வடிவில், சில நிமிடங்களிலேயே அழுத்தத்தை இறக்கி, இதயத்தைப் படபடக்க வைக்கும். அம்லோடிபினோ வாயிலோடு மெதுவாக ஒட்டி, மெதுவாகவே விலகுகிறது; மனித உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கிறது. அழுத்தம் நாள்கணக்கில் படிப்படியாக இறங்கும்போது, உணரும் நரம்பு முனைகளும் புதிய அளவுக்குத் தங்களைப் பழக்கிக்கொள்கின்றன. எச்சரிக்கை மணி அவ்வளவு பலமாக ஒலிப்பதில்லை.

நரம்பின் பதில் நொடிகளில் வருவது. சிறுநீரகத்தின் பதில் மணிகளிலும் நாள்களிலும் வருகிறது. தன்னிடம் வரும் இரத்தத்தின் அழுத்தம் குறைந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை வெளியிடுகிறது. அதிலிருந்து தொடங்கும் சங்கிலியின் முடிவில் ஆஞ்சியோடென்சின் II என்ற, குழாய்களைக் கடுமையாகச் சுருக்கும் பொருள் உருவாகிறது. கூடவே உப்பும் நீரும் உடலில் தேக்கப்படுகின்றன. அதாவது மருந்து விரித்த குழாயை உடல் மறுபடி சுருக்கப் பார்க்கிறது. அதோடு குழாய்க்குள் ஓடும் திரவத்தின் அளவையும் கூட்டப் பார்க்கிறது. நாய்களுக்கு அம்லோடிபின் மட்டும் கொடுத்தபோது இந்தச் சங்கிலி விழித்துக்கொண்டதும், எனாலாபிரில் சேர்த்துக் கொடுத்தபோது அது தணிந்ததும் அளந்து காட்டப்பட்டிருக்கின்றன.

எனாலாபிரில் இந்தச் சங்கிலியின் நடுவிலுள்ள கண்ணியை அறுக்கும் மருந்து. அந்த வகையின் முதல் மாத்திரையான கேப்டோபிரில் பிறந்த கதைக்கும் விலங்குலகமே மூலம். பிரேசிலின் ஜராராகா என்ற விரியன் பாம்பு கடித்தவர்களின் இரத்த அழுத்தம் திடீரென வீழ்வது அறியப்பட்டிருந்தது. அந்த நஞ்சில், ஆஞ்சியோடென்சின் II உருவாவதைத் தடுக்கும் சிறு புரதத் துண்டுகள் இருப்பதை செர்ஜியோ ஃபெரெய்ரா 1960-களில் தொடங்கிய ஆய்வுகள் காட்டின. அதைப் பின்பற்றி வடிவமைக்கப்பட்ட கேப்டோபிரில் 1981-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இந்த வகை மருந்துகள் குழாயை விரித்தாலும் துடிப்பைப் பெரிதாக ஏற்றுவதில்லை. பரிவு நரம்புகளுக்கு வலுவூட்டும் ஆஞ்சியோடென்சினையே அவை குறைத்துவிடுவது அதற்கு ஒரு காரணம். பீட்டா தடுப்பான்கள் வேறு வழி: அவை இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் கட்டளையைத் தடுத்து, துடிப்பையும் தள்ளும் அளவையும் குறைக்கின்றன. தொடக்கத்தில் சொன்ன, இதய வேகத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து என்ற எண்ணம் இவற்றுக்குத்தான் பொருந்தும்.

ஒரே மருந்து, வெவ்வேறு விலங்குகள்

மருந்து ஒன்றுதான் என்றாலும், பதில் சொல்லும் உடல் விலங்குக்கு விலங்கு மாறுகிறது. ஓய்வில் நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30, 40 முறைதான் துடிக்கிறது. எலிக்கு 300 முதல் 400 வரை. சுண்டெலிக்கு 500-க்கும் மேல். ஆனால் இவற்றின் சராசரி இரத்த அழுத்தம் ஒன்றுக்கொன்று பெரிதும் விலகுவதில்லை. பெரும்பாலான பாலூட்டிகளில் அது 100 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டியே நிற்கிறது. தலைக்கு இரத்தம் ஏற்ற வேண்டிய ஒட்டகச்சிவிங்கி மட்டும் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு அழுத்தத்தோடு வாழ்கிறது.

நாயின் இதயம் ஓய்வில் வேகஸ் நரம்பின் பலத்த பிடிக்குள் இருக்கிறது. அந்தப் பிடி தளர்ந்தாலே துடிப்பு எகிறிவிடும். எனவே குழாய் விரிப்பானுக்கு நாய் காட்டும் அனிச்சைத் துடிப்பேற்றம் மிகப் பெரிது. ஏற்கெனவே உச்சத்துக்கு அருகில் துடிக்கும் சுண்டெலியின் இதயத்துக்கோ மேலே ஏற அதிக இடமில்லை. ஆய்வகத்தின் வழக்கமான 22 டிகிரி வெப்பநிலைகூட சுண்டெலிக்குக் குளிர்தான்; உடலைச் சூடாக வைத்திருக்க அதன் பரிவு நரம்புகள் ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கின்றன. கூண்டை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் மருந்தே இல்லாமல் துடிப்பு கணிசமாகக் குறைகிறது. இதயத் தசையின் உள்ளமைப்பும் மாறுபடுகிறது. எலியின் இதயம் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் வேண்டிய கால்சியத்தில் 90 சதவீதத்துக்கு மேல் உயிரணுவுக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. முயலின் இதயம் ஏறத்தாழ 70 சதவீதம்தான் எடுக்கிறது, மீதிக்கு மேற்சவ்வு வழியாக வருவதை நம்பியிருக்கிறது. மனித இதயம் இந்த வகையில் முயலை ஒத்தது. கால்சியம் வாயிலை அடைக்கும் மருந்தை எலியின் இதயத்தில் பார்த்துவிட்டு மனிதனைப் பற்றி முடிவு சொல்வது ஏன் அவசரமானது என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்த வேறுபாட்டின் கடுமையான முகம், மினாக்சிடில் என்ற குழாய் விரிப்பானை நாய்களில் சோதித்தபோது தெரிந்தது. (இன்று தலைமுடி வளரத் தடவப்படும் அதே மருந்துதான், முதலில் இரத்த அழுத்த மாத்திரையாகவே வந்தது.) நாய்களின் இதயத்தில், இடது கீழறைக்குள் விரல்போல் நீட்டிக்கொண்டிருந்து வால்வின் நாண்களை இழுத்துப் பிடிக்கும் பாப்பில்லரித் தசைகளில் திசு மடிந்திருந்தது, வலது மேலறையில் இரத்தக்கசிவு காணப்பட்டது. மருந்து நேரடியாகத் தசையை அரித்ததா? சான்றுகள் பெரும்பாலும் வேறு பக்கம் சுட்டுகின்றன. இடது கீழறைத் தசைக்கு, அதிலும் உட்பக்க அடுக்குக்கு, இதயம் சுருங்கும் நேரத்தில் இரத்தம் போக முடியாது, பிழியப்பட்டுக் கிடக்கும். இரண்டு சுருக்கங்களுக்கு இடையிலான ஓய்வில்தான் அதற்கு இரத்தம் கிடைக்கிறது. நிமிடத்துக்கு 80 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 750 மில்லிவினாடி. 120 என்றால் 500 மில்லிவினாடி. சுருக்கத்துக்கான நேரம் சிறிதளவே குறையும். இழப்பில் பெரும்பகுதி ஓய்வு நேரத்தின் மீதே விழும். உழைப்பு கூடுகிறது, உணவு கிடைக்கும் நேரம் குறைகிறது, இரத்தத்தை உள்ளே தள்ளும் அழுத்தமும் மருந்தால் இறங்கியிருக்கிறது. மூன்றும் ஒன்றுசேரும் இடம் பாப்பில்லரித் தசை. துடிப்பேற்றத்தைத் தடுக்கும் பீட்டா தடுப்பானை முன்னதாகக் கொடுத்தபோது இந்தத் தசை மடிவு குறைந்தது, இந்த விளக்கத்துக்கு வலுவான ஆதாரம். மனிதர்களுக்கு மினாக்சிடில் மாத்திரை கொடுக்கும்போது பீட்டா தடுப்பானையும் நீர் பிரிக்கும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கமும், உடல் தரும் இதே இரண்டு பதில்களையும் அடக்குவதற்காகத்தான்.

அளப்பது எப்படி

கட்டுண்ட குதிரையின் சிக்கலுக்கு இப்போது திரும்பலாம். எலியின் அழுத்தத்தை அளக்கும் பழைய முறை, அதை ஒரு குழாய்க்குள் அடக்கி, வாலைச் சூடாக்கி, வாலைச் சுற்றி ஒரு சிறு பட்டையை ஊதி அளப்பது. அடைபட்ட எலி அஞ்சுகிறது. அச்சத்தில் துடிப்பும் அழுத்தமும் ஏறுகின்றன. ஏறிய அழுத்தத்தின் மேல் மருந்து வேலை செய்வதைத்தான் நாம் பார்க்கிறோம். மயக்கத்தில் ஆழ்த்தி அளந்தால் அச்சம் போய்விடும், ஆனால் பெரும்பாலான மயக்க மருந்துகள் நாம் காண விரும்பும் அந்த அனிச்சையையே மழுங்கடித்துவிடும். மயங்கிய விலங்கில் அழுத்தம் பெரிதாக விழும். விழித்திருக்கும் விலங்கில் அதே மருந்து துடிப்பை ஏற்றி, அழுத்தத்தைச் சிறிதளவே குறைக்கும். இரண்டு அளவும் பொய்யில்லை. எது எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்று கேட்காமல் ஒன்றை நம்புவதுதான் தவறு. இன்று, வயிற்றுக்குள் சிறு ரேடியோ கருவியைப் பொருத்தி, அதன் மெல்லிய குழாயைத் தமனிக்குள் விட்டு, விலங்கு தன் கூண்டில் உண்டும் உறங்கியும் திரியும்போதே இரவு பகலாக அளக்கிறார்கள். இதைவிட நம்பகமான முறை இப்போதைக்கு இல்லை என்றே சொல்வேன்.

எந்த விலங்கில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். ஜப்பானின் கியோட்டோவில் ஒகமோட்டோவும் அவோக்கியும் அழுத்தம் அதிகமாக இருந்த எலிகளையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து, தானாகவே உயர் இரத்த அழுத்தம் பெறும் எலி இனம் ஒன்றை உருவாக்கி 1963-ல் வெளியிட்டார்கள். இந்த எலிகளின் நுண்தமனிகள் ஏற்கெனவே இறுகியிருப்பதால், கால்சியம் தடுப்பான் அவற்றில் அழுத்தத்தை நன்றாகவே இறக்குகிறது. இயல்பான அழுத்தமுள்ள எலியில் அதே அளவு மருந்து மிகக் குறைவாகவே இறக்குகிறது. உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தடித்துப்போன இவற்றின் இடது கீழறை, வாரக்கணக்கான சிகிச்சையில் ஓரளவு மெலிவதையும் பார்க்கலாம். மருந்து தொடாத இதயம், சுமை இறங்கியதால் மாறுகிறது.

பூனையின் கண்ணும் நாயின் ஈறும்

ஆய்வகத்துக்கு வெளியே, இந்த மருந்து அதிகம் உதவும் விலங்கு பூனை. வயதான பூனைகளுக்குச் சிறுநீரகம் பழுதாவதும் தைராய்டு மிகையாகச் சுரப்பதும் அடிக்கடி நேர்வது. இரண்டோடும் உயர் இரத்த அழுத்தம் சேர்ந்து வருகிறது. நெடுநாள் யாருக்கும் தெரிவதில்லை. ஒரு நாள் அந்தப் பூனை வழக்கமாகத் தாவும் இடத்தைத் தவறவிடும். நாற்காலிக் காலில் முட்டிக்கொள்ளும். நல்ல வெளிச்சத்திலும் இரண்டு கண்மணிகளும் விரிந்து, கறுத்த வட்டங்களாக நிற்கும். விழித்திரைக்குப் பின்னால் கசிந்த திரவம் அதைச் சுவரிலிருந்து பிரித்துவிட்டது என்பது பொருள். மேல் அழுத்தம், அதாவது இதயம் சுருங்கும் நேரத்து அழுத்தம், தொடர்ந்து 160-ஐத் தாண்டினால் உறுப்புகளுக்கு ஆபத்து உண்டு, 180-ஐத் தொட்டால் ஆபத்து கடுமையானது என்று கால்நடை மருத்துவர்கள் கொள்கிறார்கள். அளக்கும் முன் பூனையை அமைதியான அறையில் பழகவிட்டு, முதல் அளவை ஒதுக்கிவிட்டு, தொடர்ந்து ஐந்து முதல் ஏழு அளவுகள் எடுத்துச் சராசரி காண்பது முறை. புதிய இடத்தின் அச்சமே அளவை ஏற்றிவிடும் என்பதால்தான் இத்தனை பொறுமை.

பூனைக்குத் தொடக்கத்தில் கொடுக்கப்படும் அம்லோடிபின் பெரும்பாலும் நாளுக்கு 0.625 மில்லிகிராம், மனிதருக்கான 5 மில்லிகிராம் மாத்திரையில் எட்டில் ஒரு பங்கு. விழித்திரை பிரிந்த சில நாள்களுக்குள் அழுத்தம் இறக்கப்பட்டால் சில பூனைகளுக்குப் பார்வை ஓரளவு திரும்புகிறது, தாமதமானால் திரும்புவதில்லை. இந்த ஒன்றுக்காகவே வயதான பூனையின் அழுத்தத்தை ஆண்டுதோறும் அளக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதே மருந்தால் நல்ல பயன் கிடைக்காத பூனைகளுக்கும், சிறுநீரில் புரதம் மிகுதியாகப் போகும் பூனைகளுக்கும், ஆஞ்சியோடென்சினின் வழியை அடைக்கும் டெல்மிசார்டன் போன்ற மருந்து உதவுகிறது.

நாயில் வரிசை மாறுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் முடிச்சுக்குள் இரத்தத்தைக் கொண்டுவரும் நுண்தமனி ஒன்று, வெளியேற்றும் நுண்தமனி ஒன்று. அம்லோடிபின் முதன்மையாக உள்ளே வரும் குழாயை விரிக்கிறது. உடல் முழுவதும் அழுத்தம் போதிய அளவு இறங்காவிட்டால், வடிகட்டிக்குள் மட்டும் அழுத்தம் ஏறிவிடும். எனாலாபிரில், பெனசெப்பிரில் போன்றவை வெளியேறும் குழாயை விரித்து அந்த அழுத்தத்தை இறக்குகின்றன. ஆகவே சிறுநீரக நோயுள்ள நாய்க்கு இவற்றை முதலிலோ, அம்லோடிபினோடு சேர்த்தோ கொடுப்பது வழக்கம். நெடுநாள் அம்லோடிபின் பெறும் சில நாய்களுக்கு ஈறு தடித்துப் பற்களை மூடும் அளவுக்கு வளர்கிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் வடிந்துவிடும்.

மேசையிலிருந்து விழுந்த மாத்திரைப் பட்டையை நாய் கடித்து விழுங்கிவிடும் நேரத்தில் இதுவரை சொன்ன கணக்குகள் எல்லாமே கவிழ்ந்துவிடுகின்றன. அளவு மிகக் கூடினால், குழாய்ச் சுவரை மட்டும் தேர்ந்து பிடிக்கும் குணம் மருந்துக்குப் போய்விடுகிறது. இதயத் தசையின் வாயில்களும், துடிப்பைத் தொடங்கிவைக்கும் முனையின் வாயில்களும் அடைபடத் தொடங்குகின்றன. ஒரு பக்கம் குழாய்கள் தளர்ந்துபோகின்றன. மறுபக்கம், துடிப்பை ஏற்றி ஈடுகட்ட வேண்டிய இதயம் அந்தக் கட்டளைக்கு இணங்க முடியாமல் வலுவிழக்கிறது. கணையத்திலிருந்து இன்சுலின் வெளியேறவும் இதே வாயில்களே தேவை என்பதால் இரத்தத்தில் சர்க்கரையும் ஏறுகிறது. மருத்துவமனையில் சிரை வழியாகக் கால்சியமும், பட்டினி கிடக்கும் இதயத் தசை சர்க்கரையை எரித்துக்கொள்ள உதவியாக அதிக அளவு இன்சுலினும் அதோடு குளுக்கோஸும் செலுத்தப்படுகின்றன. மருந்து தன் பிடியை மெதுவாகவே விடும் என்பதால், துடிப்பும் அழுத்தமும் தானாக நிலைகொள்ளும் வரை அந்த நாயை ஒரு நாளுக்கு மேலும் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டியிருக்கும்.